எந்த ஊர் என்று கேட்டேன்

அன்னதானக் கூடத்தில் பரிமாறுவது வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு மத்தியானம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு வரிசை நடந்து பார்க்க வேண்டும். தோள்பட்டை கழன்றுபோன சக வாளிக்காரர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எங்கள் கூடம் பெரம்பலூரில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறது. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. ரேஷன் கடையில் அளந்து போட்டே ரிட்டயர் ஆன எனக்கு, ஆளைப் பார்த்தால் விவரம் கேட்காமல் இருக்க முடியாது. வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போதும் என்றால்

முதல் நாள். ரஞ்சன்குடிப் பெரியவர் ஒருவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி, "போதும், போதும்" என்றார். போதும் என்றால் போதும்தானே என்று அடுத்த இலைக்குப் போய்விட்டேன். வரிசையை முடித்துத் திரும்பினால், மனிதர் காலி இலையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். என்ன குறை என்று கேட்டேன்.

"இன்னொருக்கா கேப்பீங்கன்னுதான போதும்னேன். நீங்க கல்யாணப் பந்தியில பரிமாறுனதே இல்லீங்களா?"

தூக்குச்சட்டி

ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், தினமும் கடைசி வரிசையில் உட்காருவார். போட்டதில் ஒரு பருக்கைகூட வாயில் வைக்க மாட்டார். நான் நகர்ந்ததும் எல்லாவற்றையும் தூக்குச்சட்டியில் வழித்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார். யாருக்கு? இவர் பட்டினியா? மூன்று நாள் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "யாருக்கும்மா இது? உங்களுக்கு எந்த ஊரு? ஊர்ல எங்க வூடு?" என்று கேட்டுவிட்டேன். சத்தியமாக அக்கறையில்தான். கார்டைப் புரட்டிக்கொண்டே வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய கேள்வி. அந்தப் பெண்ணின் முகம் கறுத்துவிட்டது. சோற்றோடு இலையை மடித்துவிட்டு, காலித் தூக்குச்சட்டியோடு எழுந்து போனார். பக்கத்து இலையிலிருந்த கீழப்பழுவூர்க்காரர் தலை நிமிராமல் சொன்னார்:

"ஊரச் சொன்னா தெருவக் கேப்பீங்க, தெருவச் சொன்னா சாதி தெரிஞ்சிரும். சோத்த வச்சுக்கிட்டு எதுக்கு சார் இதெல்லாம்?"

வாளி பறிபோனது

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. என் வாயால் ஒருத்தி பட்டினி கிடக்கிறாள் என்று நினைக்க நினைக்க எனக்கே சோறு இறங்கவில்லை. சமையலைப் பார்த்துக்கொள்ளும் முத்துலெட்சுமி என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணக் கூட்டியாந்துட்டு அப்புறமா இதத் தொடுங்கண்ணே."

வேப்பமரத்தடி

ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒவ்வொரு வார்டு வாசலாகத் தேடினேன். கடைசியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். பாதி பன் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தது. "தப்பு என் மேலதாம்மா. ஊரும் வேணாம், பேரும் வேணாம். சாப்புட வாங்க" என்றேன். இனி நான் எதையும் கேட்கப்போவதில்லை என்று நம்பிக்கை வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அவருக்கு முதுவுல ஆபரேசன். கட்டிலண்ட ஒரு ஆளு இருக்கணும்னு மாமியா எந்திரிக்கறதே இல்ல. அத விட்டுட்டு நா மட்டும் தின்னுட்டு எப்புடிங்க போறது?"

பதிலுக்கு

மறுநாள் வந்தார். முதலில் தூக்குச்சட்டியை நிரப்பிக் கொடுத்தேன், அப்புறம் இலை போட்டேன். அவர் இலையில் சாப்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். வயிறு நிறைந்தது எனக்கு. ரசத்துக்குக் குனிந்தபோது, சட்டென்று நிமிர்ந்து, வரிசைக்கே கேட்கிற குரலில், "உங்களுக்கு எந்த ஊருங்க சார்? ஊர்ல எந்தத் தெரு?" என்றார். வாய்க்குப் போன கைகளெல்லாம் பாதியில் நின்றன. அத்தனை பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். சொல்லலாமா, சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று என்னென்னவோ ஓடியது. என்னைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சொல்ல வேணாம், ரசத்த ஊத்துங்க. கேட்டா எப்புடி இருக்கும்னு உங்களுக்கும் தெரியட்டும்னுதான் கேட்டேன்."

இப்போது குழம்பா, ரசமா, மோரா என்ற மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறேன். நாலாவது ஒன்று தொண்டைவரை வந்துவிட்டால், வாளியோடு அடுத்த வரிசைக்கு ஓடிவிடுகிறேன்.