ஈயப்பட்டியைக் கழற்றிய கை

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்க மாதங்கள். சண்டை ஓய்ந்து, கடலுக்குப் போகத் தடையில்லாமல் இருந்த காலம். முள்ளிவாய்க்கால் கடலில் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கிக் கடலட்டை பிடிப்பதுதான் அப்போது என் தொழில்.

தனியாக யாரும் இறங்குவதில்லை, இரண்டு பேராகத்தான் இறங்குவோம். ஒருநாள் என்னோடு வழக்கமாக வருபவர் காய்ச்சலில் படுத்துவிட, படகுக்காரச் சம்மாட்டி வேறொருவரை ஏற்றியிருந்தார். போய்ப் பார்த்தால் என் தங்கையின் கணவர். எங்களுக்குச் சொல்லாமல் அவளைப் பதிவுத் திருமணம் செய்தவர். அந்த நாளிலிருந்து அவரோடும் பேச்சில்லை, அவளோடும் பேச்சில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் படகைத் தள்ளிவிட்டார்கள்.

இடம் வந்ததும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆயத்தமானேன். ஆழத்தில் உடம்பு மிதக்காமல் இருக்க இடுப்பில் ஈயப்பட்டி கட்டுவோம். அதைக் கடைசியாக, எல்லா வாருக்கும் மேலே கட்ட வேண்டும். ஆபத்து வந்தால் ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும் அல்லவா? அன்றைக்கு இருந்த எரிச்சலில் பட்டியை முதலில் கட்டி, அதன்மேல் சிலிண்டரின் வாரை இறுக்கிவிட்டேன்.

அவர் கவனித்துவிட்டார். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த என்னிடம் சொல்லவில்லை. படகோட்டியிடம் சொல்லி, என்னிடம் சொல்லச் சொன்னார். நான் கேட்காதமாதிரி இருந்தேன். பிறகு அவரே எழுந்து வந்து என் வாரைப் பிடித்தார்.

"என்னோட கதைக்க வேண்டாம். ஆனா இப்பிடியே குதிக்க விடமாட்டன். ஏதும் நடந்தா உங்கட தங்கச்சியிட்ட நான் என்னெண்டு சொல்லுறது?"

வாரைத் தளர்த்தி, பட்டியை உருவி, எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பக் கட்டினார். அவர் கை பட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. என் முதுகுப் பக்கம் வந்து சிலிண்டரையும் பார்க்கப் போனார். அதற்கு இடம் கொடுக்காமல் குதித்துவிட்டேன்.

மேலே நன்றாக வந்த காற்று, அடிக்குப் போகப் போக இறுகியது. கடைசியில் எவ்வளவு உறிஞ்சியும் நெஞ்சு நிரம்பவில்லை. அவர் எங்கே என்று பார்த்தேன். கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கை தானாக இடுப்புக்குப் போனது. ஒரே இழுப்பு. ஈயப்பட்டி கழன்று கீழே போனது. மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நெஞ்சு கிழிந்துவிடும் என்று பழக்கியவர்கள் சொன்னது நினைவு வந்து, காற்றை வெளியே விட்டபடியே மேலே வந்தேன்.

சற்று நேரத்தில் அவரும் பக்கத்தில் வந்து தலைநீட்டினார். என்னைப் படகுக்கு இழுத்துப்போய் ஏற்றிவிட்டு, சிலிண்டரில் காற்றைத் திறந்துவிடும் திருகியைத் தொட்டுப் பார்த்தார்.

"பாதிதான் திறந்து கிடக்கு. அதைப் பாக்கத்தான் வந்தனான். நீங்கள் நிக்கேல்லை."

அவர் குரலில் கோபம் இல்லை. தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"மாசமா இருக்கிறா. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நாங்கள் நடந்துகொள்ளவும் இல்லை. அன்று பின்னேரமே அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். முதலில் அழுதது அம்மாதான்.

சில மாதங்களில் சண்டை திரும்பத் தொடங்கியது. கடலில் இறங்குவதும் நின்றுபோனது. நான் பிறகு வேறு வேலைகளுக்குப் போய்விட்டேன். எந்த வேலையிலும் யாராவது குறுக்கே வந்து நான் செய்ததைத் திருத்தினால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான்; ஆனால் அந்த ஆள் பார்த்து முடிக்கும்வரை பேசாமல் நின்றுகொடுக்க அந்த ஒரு நாள் என்னைப் பழக்கிவிட்டது.