கோச் சுகுமாறனும் சயாம் ரயிலும்

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டமொன்றில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார் சுகுமாறன். அறுபதை நெருங்கிவிட்டார். சாயங்காலம் ஐந்தரைக்கு லோரியை நிறுத்திவிட்டு நேரே திடலுக்கு வருவார். ஓட வந்த பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கால்களை அழுத்திப் பார்த்து, "வலிக்குதா?" என்பார். பெண்பிள்ளைகளுக்கு அழுத்திப் பார்ப்பது நான், கேள்வி மட்டும் அவருடையது. வலிக்கிறது என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. அவர் கோச்சாக இருக்கும் ஓட்டக் குழுவின் செயலாளர் என்ற பெயரில் பன்னிரண்டு வருஷமாக இந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டுகிறேன். அப்படியொரு பிடிவாதம் மனுஷனுக்கு!

போன மாதம் அது புனிதாவிடம் போய் இடித்தது. நானூறு மீட்டரில் மாநிலத்திலேயே முதல் ஆள் அவள். போனில் அவளைப் பின்தொடர்கிறவர்கள் மட்டும் நாற்பதாயிரம் பேர். தேசியத் தேர்வு ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடை பிடித்துக்கொண்டது. சுகுமாறன் கேட்டதற்கு, "கொஞ்சம் வலிக்குது கோச்," என்றாள். அவள் பெயரை அனுப்ப முடியாது என்றுவிட்டார்.

மறுநாளே வீடியோ போட்டாள். "நம்ம ஆளுங்கள சயாம் ரயில் போட இழுத்துட்டுப் போன ஜப்பான்காரனுக்கும் என் கோச்சுக்கும் என்ன வித்தியாசம்? என் உடம்பு எனக்குச் சொந்தமில்லையா?" ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் அவரைக் கண்டபடி ஏசினார்கள். மூன்று வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இன்னும் இரண்டு வீடு நின்றால் குழுவையே இழுத்து மூட வேண்டியதுதான்.

சுகுமாறனின் அப்பா அர்ச்சுனனை, யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் பதினைந்து வயதில் சயாம் காட்டில் அந்த ரயில் பாதை போடத்தான் பிடித்துப் போனார்கள். காலில் சின்னப் புண். நடக்க முடியாமல் படுத்தவரை அடித்து எழுப்பிக் கல் சுமக்கவைத்தார்கள். புண் எலும்புவரை போய், முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். ஒற்றைக் காலோடு திரும்பி வந்து, ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் உட்கார்ந்தே வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

"இதைச் சொல்லுங்கண்ணே, நான் எழுதிப் போடறேன்," என்றேன்.

"எங்கப்பா காலைக் காட்டி ஒரு பொண்ணுகிட்ட ஜெயிக்கணுமா? வேணாம்லா, திலகா."

வேறு கோச்சிடம் மாற அவருடைய கையெழுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு திடலுக்கு வந்தாள் புனிதா. லேசாக விந்தி விந்தித்தான் நடந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கொஞ்சமாச்சும் அறிவிருக்கா உனக்கு?" என்று ஆரம்பித்து, அர்ச்சுனனின் கால்வரை கொட்டித் தீர்த்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றதை மீறியதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அவள் முகம் செத்துப்போயிற்று. "சத்தியமா தெரியாது கோச். வீடியோவ எடுத்துடறேன்," என்று அழுதாள்.

சுகுமாறன் என்னை ஒரு முறை முறைத்தார். படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "போறதுன்னா போலாம்மா. கால் ஆறினப்புறம் ஓடு."

அவள் கை நீட்டவில்லை. "ஏன் கோச் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? வலிக்குதான்னு கேட்டேன், கொஞ்சம்னு நீதான் சொன்ன," என்றார். "எங்கப்பாகிட்ட அங்க ஒருத்தனும் கேக்கலம்மா."