கிராணிக்கு விழுந்த மாலை

கேலிப்படம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எல்லாம் தோழி மலர்விழியால் வந்தது. அவள் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பவள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப் பவிசு வந்த குமாஸ்தாக்களைக் கேலி செய்து மலிவான அச்சுப்படங்கள் விற்றார்களாம். அதே பாணியில், அந்தக் காலத்துக் காப்பித் தோட்டக் கிராணிகளை, அதாவது கணக்கர்களை, இவள் வாரு வாரென்று வாரியிருந்தாள்.

கண்காட்சி வைக்கக் கிடைத்த ஒரே இடம் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து மண்டபம். அதன் தலைவரோ கிராணி பரம்பரை! அவர் பார்த்துச் சரியென்றால்தான் உண்டு. இல்லாவிட்டால் அவளுடைய ஒரு வருட உழைப்பும் பரணுக்குப் போய்விடும்.

ரவாங்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். காலை எட்டுக்குக் கிளம்பி ஒன்பதுக்குச் சேர்ந்தோம். கடைசி மூன்று கிலோமீட்டர் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே மண்பாதை. குலை ஏற்றிய லோரிகள் ஒதுங்காது, நாம்தான் ஒதுங்க வேண்டும்.

படங்களை மாட்டி முடித்ததும் தலைவர் வந்தார். நேராகப் பெரிய படத்தின் முன் போய் நின்றார். படத்தில் கிராணிக்கு மேலே கோட்டு, சங்கிலிக் கடிகாரம், கீழே வெறுங்கால். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறார்.

"பொஸ்தகம் தலைகீழா இருக்கே மா?"

தலைவர் மலரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓ... அச்சுல எல்லாம் திரும்பித்தானே வரும். தெரியும் லா," என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அச்சில் இடம்தான் வலமாகும், தலை காலாகாது. நாங்கள் திருத்துவோமா என்ன?

"எங்க பாட்டன் சாயல் அப்படியே இருக்கு. என்னா கம்பீரம்! இத நடுவுலயே மாட்டு மா," என்றவர், பக்கத்துக் கோயிலிலிருந்து மாலை வாங்கி வரச் சொல்லிப் படத்துக்குப் போட்டும் விட்டார்.

மண்டபம் கிடைத்துவிட்டது. மலருக்கு முகம் தொங்கிவிட்டது. "கும்பிடறதுக்காடி செதுக்கினேன்?" என்றாள் என் காதோரம். பாவமாக இருந்தது.

அப்போது எங்களுக்குத் தேத்தண்ணீர் ஆற்றித் தட்டில் கொண்டு வந்த மண்டபத்து அக்கா படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. ஒருவருக்காவது கேலி புரிந்துவிட்டதே என்று மலரும் பின்னாலேயே ஓடினாள்.

போக நினைப்பவர்களுக்கு: இந்த மாதம் ஞாயிறுதோறும் பத்து முதல் நான்கு வரை, நுழைவு இலவசம். மழை பெய்தால் சின்னக் கார் வேண்டாம். சிரிப்பு வந்தால் தயவுசெய்து வெளியே வந்து சிரியுங்கள். தலைவர் உள்ளே, பாட்டனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.