பொதுச் சுவரில் ஒரு துளை

காரைக்குடியில் எங்களுடையது பொது வீடு. வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. சுவர்கள் மட்டும் பங்காளிகள் அத்தனை பேருக்கும் சொந்தம். ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட எல்லோரையும் கேட்க வேண்டும். அந்தச் சுவரில் நான் திருட்டுத்தனமாகத் துளை போட்டேன்.

சும்மா போடவில்லை. அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. சித்திரை வெயிலில் ஃபேன் அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. ஏர் கூலர் வாங்கி வைத்தேன். எங்கள் அறைக்கு வெளிக்காற்று வர ஜன்னல் கிடையாது. இரண்டே நாளில் படுக்கை விரிப்பு ஈரமாகி, அப்பச்சிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஏசி போட வேண்டும், பைப்புக்கு ஒரு துளை மட்டும் வேண்டும் என்று பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் கெஞ்சி எழுதினேன். எல்லோரும் சரி என்றார்கள். சென்னையில் இருக்கும் பெரியப்பச்சி, அப்பச்சியின் உடன்பிறந்த அண்ணன், மட்டும் ஒரே வரியில் பதில் போட்டார்: "பொதுச் சுவத்துல கை வைக்கக் கூடாது."

இதைப் படித்த பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வெளியே வைக்கும் மெஷினை, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், பழைய பீரோவுக்குப் பின்னால் ஒளித்தோம். ஏசியிலிருந்து வடியும் தண்ணீருக்கு அங்கேயே ஒரு வாளி வைத்தேன். அன்றிலிருந்து அப்பச்சி நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. பெரியப்பச்சி ஒரு வார்த்தை சொன்னால் ஏசியைக் கழற்றத்தான் வேண்டும். அப்புறம் அப்பச்சியின் கதி என்ன?

பயந்தபடியே ஒருநாள் மத்தியானம் பெரியப்பச்சி தம்பியைப் பார்க்க வந்துவிட்டார். அவர் கார் தெருவில் திரும்பியதுமே ஏசியை நிறுத்தினேன். அதை மறைக்கக் குறுக்கே கொடி கட்டி வேட்டிகளைத் தொங்கவிட்டேன். கூலரை ஓடவிட்டேன்.

"வாங்கண்ணே, எப்பப் பொறப்பட்டீக?" என்றார் அப்பச்சி.

கால் மணி நேரத்தில் அப்பச்சியின் நெற்றி வேர்த்தது. துடைத்துவிட்டேன். மறுபடியும் வேர்த்தது. பேச்சு நின்று, நெஞ்சு ஏறி இறங்கியது.

"என்னப்பா இப்பிடி மூச்சு வாங்குது? டாக்டரக் கூப்புடுவமா?" என்றார் பெரியப்பச்சி.

அப்பச்சி என்னையே பார்த்தார். ஏசியைப் போடு என்று அவர் கேட்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று திணறிக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. வேட்டிகளை இழுத்துப் போட்டு ரிமோட்டை அழுத்தினேன்.

பெரியப்பச்சி ஏசியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அப்பச்சியின் மூச்சு சீராகிக் கண் அயரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து இரண்டாம் கட்டுப் பக்கம் போனார். பங்காளிகளுக்குப் போன் போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

திரும்பி வந்தவரின் வேட்டிக் கரை நனைந்திருந்தது.

"வாளி நெறஞ்சு வழியுதப்பா. கொட்டிட்டு வச்சுருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தம்பியின் கால்களுக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.