நான் வெட்டிய ஹீட்டர் வயர்

துபாய் அல் குசைஸில் நான் வேலை பார்த்த கராஜுக்கு, கனடாவிலிருந்து இறக்கிய ஒரு மோட்டார் ஹோம் வந்தது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டி. குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்தில் போய்த் தங்குவதற்காக ஓர் அரபி வாங்கியிருந்தார். அவருடைய டிரைவர் என் தங்கையின் கணவர்; அரபிதான் அவருக்கு விசா கொடுத்த கபீல். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

முன் பம்பருக்குக் கீழே பிளக்கோடு ஒரு கறுப்பு வயர் தொங்கியது. பிளாக் ஹீட்டர் வயர். பனி பெய்கிற ஊர்களில் இரவில் அதைக் கரண்டில் சொருகிவிட்டுப் படுப்பார்கள். எஞ்சின் சூடு ஆறாமல் இருக்கும், காலையில் மக்கர் பண்ணாமல் ஸ்டார்ட் ஆகும். எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் கராஜில் அந்த வயரை யாரும் விட்டுவைத்ததில்லை. வெளிநாட்டு வண்டி வந்தால் முதல் வேலை அதை வெட்டிவிட்டு, வெயிலுக்குத் தாங்குகிற கெட்டி ஆயிலை ஊற்றுவதுதான்.

"வேகுற ஊர்ல எஞ்சினுக்கு ஹீட்டராம். அடுத்தது கம்பளி போர்த்தி விடச் சொல்லுவானுங்க" என்று நக்கலடித்துக்கொண்டே வெட்டினேன். வாய்க்கொழுப்பு. அரபியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயர் நல்ல தடிமனாக இருந்ததால் ரூமுக்கு எடுத்துப் போய், வேறு பிளக் மாட்டி, ரைஸ் குக்கருக்கு வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஜனவரியில், தங்கையின் கணவர் ஓட்ட, அரபி குடும்பத்தோடு அந்த வண்டி சவூதியின் வடகோடிக்குப் போனது. தண்ணீர் உறைகிற குளிர் அங்கே. அதே வாரம் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தங்கைக்குப் புற்றுநோய் என்று முன்பே தெரியும். இப்போது டாக்டர், "பாக்க வேண்டியவங்க உடனே வந்து பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். அவள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான், கணவரைப் பார்க்க வேண்டும் என்று. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் லீவுக்கு வந்த நாட்களை மட்டும்தான் அவள் அவரோடு வாழ்ந்திருந்தாள்.

நான் ஷார்ஜாவிலிருந்து மறுநாள் காலை விமானத்தில் டிக்கெட் போட்டேன். அவருக்கும் அதே காலையில் அங்கிருந்து விமானம் கிடைத்தது. அரபி குடும்பம் ஜீப்புகளில் வேட்டைக்குப் போயிருந்தது. நல்ல மனிதர், "நீ போ, வண்டியை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிடு" என்று போனிலேயே அனுமதி கொடுத்துவிட்டார்.

விடியற்காலையில் நான் செக்-இன் வரிசையில் நிற்கும்போது அவர் கூப்பிட்டார்.

"மச்சான், வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. எஞ்சின் கல்லு மாதிரி கெடக்கு. முன்னாடி ஒரு வயர் இருக்கும், ராத்திரியே ஜெனரேட்டர்ல சொருகி வைன்னு கபீல் சொன்னாரு. ராத்திரி இருட்டுல கெடைக்கல, இப்ப டார்ச் அடிச்சுத் தேடிட்டேன். எவனோ வெட்டி டேப்பு சுத்தி வச்சிருக்கான், பாவி."

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கறி சுடுகிற கரியைத் தட்டில் பற்றவைத்து எஞ்சின் ஆயில் தொட்டிக்கு அடியில் தள்ளச் சொன்னேன். பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன். "சரி மச்சான், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். வண்டி உயிர் பெற்றபோது அவருடைய விமானம் கிளம்பிவிட்டிருந்தது. அடுத்தது மறுநாள்தான்.

மதியம் நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். தங்கை என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"அவரு வரலையாண்ணே?"

"குளிர்ல வண்டி நின்னு போச்சும்மா. நாளைக்கு வந்துடுவாரு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "உனக்கு ஒரு போன் போட்டிருந்தா நீ சரி பண்ணியிருப்பியே. போடலையா?" என்றாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போட்டார், வண்டியைக் கெடுத்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். சாகப் போகிறவள் என்னைக் கெட்டவனாக நினைத்துவிடக் கூடாது என்றுதான் அந்த நேரத்திலும் என் புத்தி போனது.

"போடலம்மா" என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "அவருக்கு அவ்வளவுதான் அக்கறை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு கதவைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் போய்விட்டாள்.

மறுநாள் அவர் வந்தார். கை ரேகையெல்லாம் இன்னும் கரி. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை போலிருக்கிறது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நெடுநேரம் கழித்து என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா மச்சான்?"

"உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா மாப்ள" என்றேன்.

அதைக் கேட்டு அவர் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், என் எதிரில், எல்லோரிடமும்.