அம்மா போகாத இறுதிப் போட்டி

வேலப்பன்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் அம்மா டென்னிஸ் பயிற்சியாளராக இருந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே நெட்கூடக் கிடையாதாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதில் பழைய புடவையைத் தொங்கவிட்டு ஆட வைத்திருக்கிறாள். நான் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது அந்தக் கல்லூரி தொடர்ந்து ஐந்து வருடம் கோப்பை வாங்கியிருந்தது. பேப்பரில் படம் வரும். படத்தில் அம்மா ஓரமாக, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஐந்து படத்திலும் அப்படித்தான்.

அவளுடைய வித்தை என்னவென்று மற்ற கல்லூரிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இரண்டொரு முறை கூடப் போயிருந்த எனக்கு அது தெரியும். ஆட்டத்துக்கு நடுவே பக்கம் மாறும்போது பெண்கள் பெஞ்சுக்கு வருவார்கள். தோற்றுக்கொண்டிருப்பவளிடம் அம்மா பந்தைப் பற்றிப் பேசவே மாட்டாள். தண்ணீரைக் கொடுத்து, "காலைல என்ன சாப்பிட்ட?" என்பாள். இட்லி என்றால் எத்தனை என்பாள், தொட்டுக்க என்ன என்பாள். எழுந்து போகும்போது அந்தப் பெண்ணின் தோள் இறங்கியிருக்கும், கை தளர்ந்திருக்கும். அதற்குப் பிறகு பந்து அவள் சொன்ன பேச்சைக் கேட்கும்.

என்னிடம் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நான் கண் விழிக்கும்போது அவள் மைதானத்தில் இருப்பாள். எனக்குச் சாப்பாடு கொடுத்து, சடை பின்னி, பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவது அப்பா. அப்பா பின்னிய சடை பத்து மணிக்கெல்லாம் அவிழ்ந்துவிடும்.

ஆறாவது வருட இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் மாலை, அம்மா கூடத்தில் உட்கார்ந்து அணித் தலைவியின் மட்டைக்குப் புதிதாகப் பிடி சுற்றிக்கொண்டிருந்தாள். பட்டாபிராமிலிருந்து தினமும் வரும் பெண் அவள். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு வண்ணம் தீட்டித் தரச்சொல்லி நான் மூன்று முறை கூப்பிட்டேன். அம்மா நிமிராமலே அப்பாவிடம், "நாளைக்கு என் பொண்ணு ஜெயிச்சிட்டா போதுங்க" என்றாள்.

என் பொண்ணு! அந்தப் பதவியில் நான் ஒருத்திதான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் எனக்கு வயிற்று வலி வந்துவிட்டது.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த அம்மா வந்து என் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இங்கேயா என்றாள், ஆமாம் என்றேன். அங்கேயா என்றாள், அதற்கும் ஆமாம் என்றேன். "நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்றார் அப்பா. அம்மாதான் வேண்டும் என்று நான் அலறினேன். அம்மா சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி குதிகால் வலியை மறைத்து ஓடினாலும் இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுகிற கண் அது. பிறகு ஷூவைக் கழற்றினாள். கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியைக்கு போன் செய்து, பெஞ்சில் அவரை உட்காரச் சொன்னாள். அந்தக் கண்ணையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

அன்று நாள் முழுக்க அம்மா எனக்கே எனக்கு. ஓமத் தண்ணீர் கொடுத்தாள், கஞ்சி ஊட்டினாள், படத்துக்கு வண்ணம் தீட்டினாள். மதியம் என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, "தோத்துட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணெய் தேய்த்தாள். வெளியே அயனம்பாக்கம் ஏரி வெயிலில் பளபளத்தது.

சாயங்காலம் நான்கு பெண்கள் கசங்கிய சீருடையோடு வந்தார்கள். கையில் கோப்பை இல்லை, பன்னும் இளநீரும் இருந்தன. என்மேல் கோபமாக இருப்பார்கள் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அணித் தலைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா பாப்பா, வயிறு இப்ப எப்டி கீது? இந்தா, எளநி குடி. சரியாப்பூடும்."

பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "சிங்கிள்ஸ்ல ஜெயிச்சிட்டேன் மேம். டபுள்ஸ்தான் மூணாவது செட்ல பூட்ச்சு. பெஞ்சாண்ட வந்து குந்துனா, கைய இப்டி வையி, கால அப்டி வையின்னு அந்த மிஸ் சொல்லிக்கினே கீறாங்க. இன்னா துன்னன்னு ஒருத்தர்கூடக் கேக்கல மேம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா எழுந்து போய் அடுப்பில் தோசைக்கல்லை வைத்தாள். பட்டாபிராம்காரி ஏழு தோசை சாப்பிட்டாள். நான் எண்ணினேன். ஏழையும் அம்மாதான் பக்கத்தில் நின்று போட்டாள்.

அடுத்த வருடத்திலிருந்து அம்மாவின் அணி மறுபடியும் கோப்பைகளாக வாங்கிக் குவித்தது. பட்டாபிராம்காரிக்கு மட்டும் அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. அவளுக்கு அதுதான் கடைசி ஆட்டம் என்பதும், அன்று காலை அம்மா இரண்டு பெண்களில் ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு இருந்தாள் என்பதும் எனக்கு உறைக்கவே பல வருடம் ஆயிற்று.

அவர்கள் போன பிறகு அம்மா என் அருகில் வந்து படுத்தாள். திட்டவில்லை. என் சடையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "நாளைலேர்ந்து என்கூட கிரவுண்டுக்கு வர்றியாடா? அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும்" என்றாள்.

அன்று முழுக்கச் சுருண்டு கிடந்த பிள்ளை மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடிவரும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போர்வையை உதறிவிட்டு, ஷூவைத் தேடப் போனேன்.