அக்காவின் உள்ளங்கால் மச்சம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வார்டுப் பெண்களின் அயல்கூட்டம், அதாவது சேமிப்புக் குழுக் கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். இந்த முறை, பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் இருக்கும் எங்கள் வீடு. டீ, பருப்பு வடை, உட்கார நாற்காலி... எல்லாம் நான்தான் ஏற்பாடு செய்தேன்.

ஆனால் கூட்டத்தின் கதாநாயகி யார் தெரியுமா? வசந்தாமணி அக்கா!

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி. ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மதில்.

கூட்டம் முடிந்ததும் அக்கா நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாரும் காலை நீட்டுங்க பாக்கலாம்" என்றார். நாற்று நட்டுவிட்டு வந்தவர்கள், டீச்சர் வேலை பார்ப்பவர்கள் என்று பதினாலு பேரும் மறுபேச்சில்லாமல் நீட்டினார்கள். அக்கா டார்ச் அடித்து ஒவ்வொரு உள்ளங்காலாகப் பார்த்தார். விரலிடுக்கு, நகம், குதிகால் எதையும் விடவில்லை. கடைசியில் தன் இடது காலைத் தூக்கிக் காட்டினார். குதிகாலை ஒட்டி, வேறு நிறத்தில் ஒட்டுப்போட்ட தோல்.

"அன்னைக்கு மட்டும் பாக்காம உட்டிருந்தா, இன்னைக்கு உங்க முன்னால உக்காந்திருக்க மாட்டேன்" என்றார்.

எல்லோருக்கும் கண் கலங்கியது. எனக்கு வயிறு எரிந்தது.

ஏனுங்க, பார்த்தது யார்? நான்!

நான் பொறாமைக்காரி என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குப் புதிய சேதி இல்லை. பக்கத்து வீட்டு வாழைக்குலை பெரிதாக இருந்தாலே எனக்குச் சோறு இறங்காது. வசந்தாமணி அக்கா விஷயத்தில் கேட்கவே வேண்டாம். முப்பது வருஷமாக அவருடைய முடி, அவருடைய குழம்பு, அவர் வீட்டு மாமரம் என்று வரிசையாகப் பொறாமைப்பட்டுப் பழகியவள். ஆனால் ஒரு மச்சத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நானே நினைக்கவில்லை.

மூன்று வருஷம் முன்னால் அக்காவின் இடது உள்ளங்காலில் புதிதாக ஒரு மச்சம் வந்தது. மிளகு அளவு. எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு: உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டிப் போவார்கள். "பாரு அம்மிணி, எனக்கு யோகம் வந்திருக்குது" என்று அக்கா காலைத் தூக்கிக் காட்டினார். நான் சிரித்து வைத்தேன். சரியாக இரண்டே மாதம்... துபாயில் இருக்கும் மகன் விசா அனுப்பிவிட்டான்!

பழனியும் குருவாயூரும் தவிர எங்கேயும் போகாத அக்கா, மூன்று மாதம் துபாயில் இருந்துவிட்டு வந்தார். குடும்ப வாட்ஸப் குரூப்பில் தினமும் போட்டோ. கட்டடத்தின் முன்னால் அக்கா. ஒட்டகத்தின் மேல் அக்கா. கடற்கரையில் இரண்டு காலையும் கேமரா பக்கம் நீட்டி உட்கார்ந்திருக்கும் அக்கா. அந்தப் போட்டோவை நான் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடலையா பார்த்தேன்? மச்சத்தை!

திரும்பி வந்தபின் அக்காவின் காலுக்குத் தனி மரியாதை. ஜெர்மனி போக பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பெண் ஒருத்தி, ஹால் டிக்கெட்டோடு வந்து அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனாள். அவளும் பாஸாகித் தொலைத்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... கதவைச் சாத்திக்கொண்டு என் உடம்பு முழுக்க மச்சம் தேடினேன். தோளில் ஒன்று கிடைத்தது. அது பாரம் சுமக்கிறவர்களுக்கு இருக்குமாம்! ஆத்திரத்தில் கண்மையைத் தொட்டு என் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. குளித்ததும் போய்விட்டது.

இந்த வயிற்றெரிச்சல் இரண்டு வருஷம் ஓடியது. போன மாங்காய் சீசனில், வடுமாங்காய் ஊறுகாய் போட இரண்டு பேரும் அக்கா வீட்டில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். அக்கா காலை நீட்டியிருந்தார். என் கண் வழக்கம்போல அங்கே போனது.

மிளகு இப்போது புளியங்கொட்டை ஆகியிருந்தது.

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவருக்கு மட்டும் மச்சம்கூட வளர்கிறதே... அடுத்தது அமெரிக்காவா?

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடற்கரைப் போட்டோவை எடுத்தேன். பெரிதாக்கினேன். அதில் உருண்டையாக, ஒரே கருப்பாக இருந்தது. இன்றைக்குப் பார்த்ததற்கு ஓரமே இல்லை. ஈரத்தாளில் மை சிந்தினாற்போல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு பாதி கருப்பு, ஒரு பாதி பழுப்பு. போனில் டைப் செய்தேன்: 'உள்ளங்கால் மச்சம் வளர்ந்தால் என்ன பலன்?'

ஜோசியர்கள் வரிசையாக வந்தார்கள். செல்வம், வாகனம், கடல் கடந்த புகழ். அவர்களுக்குக் கீழே வெள்ளை கோட் போட்ட ஒரு டாக்டரம்மாவின் வீடியோ. தோலில் வருகிற மெலனோமா என்ற புற்றுநோயைப் பற்றிப் பேசினார். வெயில் பட்ட இடத்தில்தான் வரும் என்று நினைக்காதீர்கள், நம்மைப் போல மாநிறம், கருப்பு நிறக்காரர்களுக்கு வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் என்று ஒளிந்து வரலாம் என்றார். வளர்கிறதா, ஓரம் கோணலாகிறதா, இரண்டு மூன்று நிறம் கலக்கிறதா என்று பாருங்கள் என்றார்.

நான் பயந்துபோனேன். ஆனால் அதற்கும் ஒரு நொடி முன்னால் வந்த நினைப்பு வேறு. அப்பாடா, அது யோக மச்சம் இல்லை! இதை எழுதும்போதும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

சரி, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே? சொன்னேன். பொறாமைக்காரி சொன்னால் யார் நம்புவார்கள்?

"ஏனுங்க்கா, அந்த மச்சம் பெருசாயிட்டே போகுதுங்க. டாக்டருகிட்ட ஒருக்காக் காட்டிரலாமுங்க."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மிணி, நான் ஏரோபிளேன்ல போனது இன்னும் உன்ற வவுத்துல எரியுதா? மச்சத்தைக்கூட உட மாட்டியா?"

அன்று சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மிளகாய் நெடி வந்தது. காலுக்குத் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்கள்! என் கண்தான் பட்டதாம். என் கணவரோ, "அண்ணி நம்பமாட்டாங்கன்னு தெரிஞ்சும் நீ எதுக்குப் போய் வாயைக் கொடுக்கற?" என்று பேப்பரைப் புரட்டினார்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். நானும் ரோஷத்தில் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. தன் காலைத் தானே கெடுத்துக்கொண்டால் எனக்கென்ன என்றுகூட இருந்தேன். அந்த மூன்று வாரத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

தினமும் காலையில் அக்கா வெறுங்காலோடு வாசல் தெளிப்பது தெரியும். ஒரு நாள் குதிகாலை ஊன்றாமல் நடந்தார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மதிலோரம் நின்று, போனைக் காதில் வைத்து, அந்தப் பக்கம் யாருமே இல்லாமல் சத்தமாகப் பேசினேன்.

"ஆமாங்க, நாளைக்குப் பாலக்காட்டுல பெரிய ஸ்கின் டாக்டருகிட்ட போறேனுங்க. முகத்துல இருக்கற மங்கெல்லாம் ஒரே மாசத்துல போயிருமாமா. பத்து வயசு கொறஞ்சாப்பல ஆயிருமாமா!"

மறுநாள் காலை நான் கேட்டைத் திறந்தால்... அக்கா! பட்டு ஜரிகைச் சேலை, தலையில் பூ.

"எனக்கும் கன்னத்துல கருப்புத் தட்டுது அம்மிணி. நானும் வர்றேன்."

முப்பது வருஷமாக நான் மட்டும்தான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேனே! அங்கேயும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சத்தியமாக, அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, வெயிலில் குடை பிடிக்கச் சொல்லி ஒரு கிரீம் எழுதினார். நான் சட்டென்று குனிந்து அக்காவின் செருப்பைக் கழற்றினேன். அக்கா என் தோளில் நறுக்கென்று கிள்ளினார். விடவில்லை. காலைத் தூக்கிக் காட்டினேன்.

டாக்டரின் முகம் மாறியது. லென்ஸ் வைத்த சின்ன விளக்கை எடுத்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது எத்ர காலமாயி?" என்று கேட்டார். எத்தனை நாளாக இருக்கிறது என்கிறார். அக்கா என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்துத் துபாய் போட்டோவைக் காட்டினேன். தேதியோடு இருந்தது.

"பேடிக்கண்டா. பக்ஷே, இனி வெச்சோண்டிருக்கருது" என்றார். பயப்பட வேண்டாம், ஆனால் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கவில்லை. என் சமையலறையில்தான் இருந்தார். ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "நான் போயிருவனா அம்மிணி?" என்று கேட்டார். நல்ல முடி, நல்ல குழம்பு, நல்ல மாமரம்... எல்லாம் இவரிடமே இருக்கட்டும், இவர் மட்டும் இருக்கட்டும் என்று தெரிந்த சாமிக்கெல்லாம் சொன்னேன். இவர் இல்லாத மதிலைப் பார்த்து நான் என்ன செய்வேன்?

மெலனோமாதான். ஆனால் ஆரம்பம். கோயம்புத்தூரில் ஆபரேஷன். அந்த இடத்தைச் சுற்றிலும் சேர்த்து எடுத்து, தொடைத் தோலை வைத்து ஒட்டுப்போட்டார்கள். தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் பரவவில்லை என்று சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பதினாலு பேரும் போனபிறகு கேட்டேவிட்டேன். "ஏனுங்க்கா, பாத்தது நானில்லீங்களா? என்ற பேரை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

அக்கா அமைதியாகச் சொன்னார்: "சொல்லலாம் அம்மிணி. நீ எதுக்குப் பாத்தேன்னு அடுத்து கேப்பாங்களே. அதையும் சொல்லணுமா?"

அக்கா மறுபடி டார்ச்சை எடுத்தார். "இப்ப நீ காலை நீட்டு. உன்றது மட்டும்தான் பாக்கி" என்றார். பதினாலு பேருக்கும் பார்த்ததைவிட அதிக நேரம் என் காலைப் பார்த்தார்.

நீங்கள் கடைசியாக உங்கள் உள்ளங்காலை எப்போது பார்த்தீர்கள்? மெட்டியைப் பார்ப்போம், கொலுசைப் பார்ப்போம், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோமா? எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஒரு நாளில், மாதம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், நகம், முதுகு... எட்டாத இடத்துக்குக் கண்ணாடி. புதிதாக முளைத்த மச்சம், வளரும் மச்சம், நிறம் மாறும் மச்சம், நகத்தில் புதிதாக ஓடும் கருப்புக் கோடு, ஆறாத புண் எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், ஜோசியர் வேண்டாம்.

உங்களை அங்குலம் அங்குலமாகப் பார்த்து வயிறெரிய ஒரு ஓரகத்தி இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இல்லாதவர்கள்... கண்ணாடியை நீங்களேதான் பிடித்துக்கொள்ள வேண்டும்!